எதிர்காலம் சொன்னவர்களின் கணக்கையும் சேர்த்துப் படிப்போம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பழைய சிந்தனையாளர்கள் மனிதகுலத்தின் எதிர்காலம் பற்றி என்ன சொன்னார்கள் என்ற துணுக்குகள் நம் நாளிதழ்களின் வாரப் பதிப்புகளில் அடிக்கடி வருகின்றன. பலித்தது இவை, பலிக்காதது இவை என்று பிரித்துப் போட்டதும் விடயம் முடிந்துவிடுகிறது. சோதிடப் பலன் பார்ப்பதும் இப்படித்தான். அவர் எந்தத் தரவை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கைப் போட்டார், கணக்கின் எந்த வரியில் பிசகு வந்தது என்பதைச் சொல்லாத பட்டியலால் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளும் “2050இல் இலங்கை” வகைக் கட்டுரைப் போட்டிகளும் இதே தடத்தில் போவதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

திருகோணமலைக்கு இதில் தனி உரித்து உண்டு. 1956இல் இலங்கைக்கு வந்து, மைக் வில்சனோடு சேர்ந்து கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்குத் தூண்களைப் பார்த்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். ஊரில் அவரை அந்தத் தூண்களுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் செய்த வேலைதான் இன்று நம் கூரைகளில் டிஷ் அன்ரெனாவாக நிற்கிறது. பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகள் மூன்றை 120 பாகை இடைவெளியில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் தொலைக்காட்சி கொடுக்கலாம் என்ற அவருடைய யோசனை, 1945 பெப்ரவரியில் “வயர்லெஸ் வேர்ல்ட்” சஞ்சிகையின் ஆசிரியருக்கு எழுதிய ஒரு கடிதமாகத்தான் முதலில் அச்சேறியது. விரிவான கட்டுரை அதே ஆண்டு ஒக்டோபரில் வந்தது. பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற எவருக்கும் உற்சாகம் தரும் செய்தி இது.

அந்தக் கடிதத்தின் அடிப்படையை உயர்தர பௌதிகவியல் மாணவர் அரைப் பக்கத்தில் செய்து பார்க்கலாம். ஈர்ப்பு மாறிலியைப் பூமியின் திணிவால் பெருக்கினால் வருவது, மீற்றர், செக்கன் அலகில், 3.986 பெருக்கல் 10இன் 14ஆம் அடுக்கு. இதைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 39.48ஆல் (பை வர்க்கத்தின் நான்கு மடங்கு) வகுத்து, கனமூலம் எடுத்தால் சுற்றுப்பாதையின் ஆரை கிடைக்கும். விடை ஏறக்குறைய 42,164 கிலோமீற்றர். மாணவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குவார்கள். விடை பூமியின் மையத்திலிருந்து எடுத்த தூரம் என்பதை மறந்து, பூமியின் ஆரையான 6,378 கிலோமீற்றரைக் கழிக்காமல் விட்டுவிடுவது ஒன்று. கழித்தால்தான் 35,786 கிலோமீற்றர் உயரம் வரும். மற்றது, சுற்றுக்காலத்தை 24 மணி என்று போடுவது. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு முறை சுழல எடுப்பது 23 மணி 56 நிமிடம் 4 செக்கன், அதாவது 86,164 செக்கன். 86,400 என்று போட்டால் ஆரை 77 கிலோமீற்றர் கூடிவிடும். கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் அந்தப் பாதையில் விட்ட செய்மதி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு பாகை மேற்கே நழுவும். இரண்டு மூன்று நாளில் வீட்டுக் கூரையில் இறுக்கிப் பூட்டிய டிஷ்ஷில் படம் உடைந்து போகும்.

கணக்கு சரியென்பதை நம் வீட்டிலேயே சரிபார்க்கலாம். திருகோணமலை வட அகலாங்கு 8.6 பாகையில் இருக்கிறது. நம் நெடுங்கோட்டுக்கு நேரே நிற்கும் செய்மதி இங்கே அடிவானிலிருந்து 80 பாகை உயரத்தில் தெரியும். அதே போல லண்டனுக்கு நேரே நிற்கும் ஒன்று லண்டன்காரருக்கு 31 பாகை உயரத்தில்தான் தெரியும். இங்கு டிஷ் வானத்தை அண்ணாந்து பார்ப்பது இதனால்தான். நடுவில் கம்பு வைத்த பெரிய டிஷ்களில் மாரி மழைக்குத் தண்ணீர் தேங்குவதும், அடியில் துளை போடாவிட்டால் சமிக்ஞை குறைவதும் இதன் விளைவே. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் இறுதியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம் படம் போய்விடும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து தன் வானொலி இரைச்சலால் அதை மூடிவிடுவதால் வருவது அது. டிஷ்ஷைக் கழற்றித் திருகினால் இருந்த நேர்த்தியும் போய்விடும்.

இப்படி, ஈர்ப்பு விதியில் நின்ற பகுதி 80 ஆண்டுகளாகப் பிசகவே இல்லை. கிளார்க் பிழைவிட்ட இடம் வேறு. அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கியிருப்பார்கள், ரொக்கெட்டில் மாறி மாறிப் போய்வருவார்கள் என்று எண்ணினார். அன்று ஒலிபரப்பி என்றால் வால்வு, அதாவது வெற்றிடக் குழாய். வால்வில் இழை சூடாகி எரிந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அறும். அறுந்ததைக் கழற்றி மாற்ற ஆள் வேண்டும். 1945இன் தொழில்நுட்பத்தை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் வந்தது, 1954இல் அங்கேயே சிலிக்கன் சூரியக்கலம் வந்தது. ஆள் தேவையில்லாமல் போயிற்று. (பூமிக்குச் சமிக்ஞையை அனுப்பும் கடைசிப் பெருக்கியில் மட்டும், நீண்ட நாள் உழைக்கும்படி செய்த ஒரு சிறப்பு வால்வு பல்லாண்டுகள் தங்கியிருந்தது. அந்த ஒன்றை மாற்ற யாரும் மேலே போகவில்லை.) காலக்கெடுவிலும் அவர் தவறினார். “அரை நூற்றாண்டு கழித்து” என்று எழுதினார். 1964 ஓகஸ்டில் அமெரிக்கச் செய்மதி சின்கொம் 3 அந்தப் பாதையில் போய் நின்று, அவ்வாண்டு தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைக் கடல் தாண்டி அனுப்பியது. கடிதம் வந்து 19 ஆண்டுதான் ஆகியிருந்தது.

“கிளார்க் செய்மதியைக் கணித்தார்: பலித்தது” என்று ஒரு வரியில் போட்டால் இவ்வளவும் காணாமல் போகிறது. இயற்கை விதியில் நிற்பது நிலைக்கும். அன்று கையிலிருந்த உதிரிப்பாகத்தை நம்பிச் சொன்னது ஆட்டம் காணும். ஆண்டுக் கணக்கு முன்னும் பின்னுமாக ஓடும். பிரித்தானிய உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹோல்டேன் 1923 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில், இங்கிலாந்தின் மின்தேவையை வரிசை வரிசையாக நிற்கும் உலோகக் காற்றாலைகள் தீர்க்கும், மிஞ்சிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசனையும் ஒட்சிசனையும் திரவமாக்கி நிலத்தடியில் சேமிப்பார்கள் என்றார். அதற்கு அவர் கொடுத்த தவணை 400 ஆண்டு. நூறாண்டு ஆவதற்குள் மன்னார்த் தீவின் கரையில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் கொள்ளளவோடு நிற்கின்றன. ஐதரசன் சேமிப்புத்தான் இன்னும் இழுபறி. அதே உரையில், தாய் வயிற்றுக்கு வெளியே முழுதாக வளர்ந்த குழந்தை 1951இல் பிறக்கும் என்றும் ஒரு கற்பனைக் காலவரிசை கொடுத்தார். அது இன்றுவரை நடக்கவில்லை. சோதனைக்குழாயில் கருத்தரித்துத் தாய் வயிற்றில் வளர்ந்த முதற் குழந்தையே 1978 ஜூலையில்தான் பிறந்தது. ஒரே மனிதர், ஒரே மாலை, இயந்திரத்துக்குத் தாராளமாகக் காலம் கொடுத்தார், உயிரியலுக்கு மிகவும் இறுக்கிக் கொடுத்தார்.

இனி, சோற்றுக்கு வருவோம்; இந்தத் துணுக்குகளில் மிக மோசமாகக் குறுக்கப்படுவது இதுதான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொண்டோர்சே, புரட்சி அரசு தேடிக்கொண்டிருந்தபோது ஒளிந்திருந்து, மனித வரலாற்றைப் பத்துக் கட்டங்களாக எழுதினார். பத்தாவது எதிர்காலம். நாடுகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு ஒழியும், அடிமை வியாபாரம் போகும், பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை வரும் என்றார். 1794 மார்ச்சில் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அந்த நம்பிக்கைக்கு மறுப்பாகத்தான் 1798இல் ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் எழுதினார்: சனத்தொகை 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும், உணவோ அதே 25 ஆண்டுக்கு ஒரு பங்குதான் கூடும். பன்னிரண்டு தவணையில், அதாவது 300 ஆண்டில், 4096க்கு 13 என்று விகிதம் போகும். பெருக்கலில் பிழை இல்லை. வளர்ச்சி வீதம் மாறாமல் ஓடும் என்று வைத்துக்கொண்டதுதான் பிழை. 1800 அளவில் ஏறக்குறைய 100 கோடியாக இருந்த உலக மக்கள் 2022இல் 800 கோடியானார்கள், எட்டு மடங்கு. 25 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்திருந்தால் அது நானூறு மடங்கைத் தாண்டியிருக்கும்.

நூறாண்டு கழித்து, 1898இல், ஆங்கில இரசாயனவியலாளர் வில்லியம் குரூக்ஸ் பிரிஸ்டல் நகரில் பேசியபோது கணக்கைக் கூர்மையாக்கினார். கோதுமை விளையும் புது நிலம் முடிகிறது, 1931 அளவில் தட்டுப்பாடு வரும், விளைச்சலைக் கூட்ட நைதரசன் பசளை வேண்டும், சிலி நாட்டு நைத்திரேற்றுப் படிவு தீர்ந்துபோகும். வழியையும் சொன்னார்: காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன், அதை இரசாயனவியலாளர் பிடித்துத் தர வேண்டும். நீர்மின்சாரத்தில் மின்வில் எரித்துப் பிடிக்கலாம் என்பது அவர் கண்ட பாதை. நோர்வேயில் 1905 முதல் அப்படியே செய்தார்கள், மின்சாரத்தை அளவுக்கு மீறி விழுங்கியதால் அந்த முறை நிலைக்கவில்லை. வென்றது ஜெர்மன் இரசாயனவியலாளர் ஹாபர் 1909இல் காட்டிய வழி: நைதரசனையும் ஐதரசனையும் ஏறக்குறைய 200 வளிமண்டல அமுக்கத்தில், 500 பாகை வெப்பத்தை ஒட்டி, ஊக்கியின் மேல் செலுத்தி அமோனியா எடுப்பது. அதைத் தொழிற்சாலையாக்கப் போன ஜெர்மன் பொறியியலாளர் பொஷ்ஷுக்கு முதலில் கிடைத்தது வெடித்த குழாய்கள். சூட்டிலும் அமுக்கத்திலும் ஐதரசன் உருக்குக்குள் புகுந்து அதிலுள்ள காபனைத் தின்றுவிட, உருக்கு நொறுங்கியது. காபன் மிகக் குறைந்த மெல்லிரும்பால் உள்ளுறை போட்டு, வெளி உருக்குச் சுவரில் நுண்துளைகள் இட்டுக் கசியும் ஐதரசனை வெளியேவிட்ட பிறகே 1913இல் ஜெர்மனியின் ஓப்பவ் ஆலை ஓடியது. குரூக்ஸ் தேவையைச் சரியாகச் சொன்னார், இரசாயனம் தீர்க்கும் என்றதும் சரி, பாதை மட்டும் வேறாயிற்று. எச்சரிக்கை பலிக்கவில்லை என்று அவரைப் பலிக்காதவர் பட்டியலில் போடுவது அநியாயம்.

இது தூரத்துக் கதை இல்லை. ஒரு 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். கந்தளாயிலும் மூதூரிலும் சேருவிலையிலும் வயலுக்குப் போகும் அந்த மூட்டை ஹாபரும் பொஷ்ஷும் திறந்த வழியில்தான் வருகிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிய பிறகும், அந்தப் பெரும்போகத்தில் நெல் எப்படி வீழ்ந்தது என்பதை இந்த மாவட்டத்து விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 23 கிலோ நைதரசனைக் கூட்டுப்பசளையால் ஈடுசெய்ய வேண்டுமென்றால், அதில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு என்று வைத்தாலும் ஒரு தொன்னுக்கு மேல், 2.3 தொன் வரை வேண்டும். அதிலும் முதற் போகத்திலேயே பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். சேதனப் பசளை தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. ஒரு போகத்துக்குள் நாடு முழுதும் மாறிவிடலாம் என்று கண்ட எதிர்காலத்தில் இந்தப் பெருக்கல் இல்லை.

குரூக்ஸ் உரையில் இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்தத் துணுக்கும் சொல்வதில்லை. அவர் பயந்தது கோதுமை உண்பவர்களுக்காக மட்டும். அவர் எண்ணிக்கையில் வந்தது ரொட்டி தின்னும் மக்கள். கோதுமைக்குத் தட்டுப்பாடு வந்தால் வெள்ளையினம் முதலிடத்தை இழந்து, ரொட்டியை நம்பாத இனங்களால் நெருக்கப்பட்டுப் போகும் என்று வெளிப்படையாகவே சொன்னார். மனிதகுலத்தின் எதிர்காலம் என்ற தலைப்பின் கீழ் சோறு உண்ணும் நாம் ஆபத்தின் பக்கத்தில் நின்றோம். பிரித்தானியப் பொருளியலாளர் கெய்ன்ஸும் இதில் விலக்கில்லை. 1930இல், நூறாண்டு கழித்து வாழ்க்கைத்தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயரும், வாரத்துக்கு 15 மணி வேலை போதும் என்று அவர் எழுதியது “முன்னேறும் நாடுகளுக்கு”. அந்நாடுகளில் முதற்பாதி பெரும்பாலும் நிறைவேறிவிட்டது, இரண்டாம் பாதி நெருங்கவே இல்லை. அடுத்தவனைவிட மேலே இருக்க வேண்டும் என்ற தேவைக்கு எல்லை இல்லை என்பதை அதே கட்டுரையில் குறிப்பிட்டுவிட்டு, கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கினார். கிடைத்த வருமானம் யார் கைக்குப் போகும் என்பதையும் கேட்கவில்லை. அவர் அதை எழுதிய காலத்தில் உலகச் சந்தை சரிந்து நம் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் நம் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சொல்லும் வாரம் 45 மணி. 2030க்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.

இங்கேதான் தமிழ்ச் சிந்தனையாளர்களைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பாரதியார் காசியில் பேசும் உரையைக் காஞ்சியில் கேட்கும் கருவியையும், சந்திர மண்டலத்தை அறிவதையும், இலங்கைக்குப் பாலத்தையும் ஒரே மூச்சில் கேட்டார். 1921இல் அவர் மறைந்தபோது இந்தப் பக்கத்தில் வானொலி நிலையமே இல்லை. கொழும்பு நிலையம் 1925 டிசம்பரில்தான் தொடங்கியது. கருவி வந்தது, சந்திரனுக்கும் போனார்கள், பாலம் மட்டும் இன்னும் பேச்சில் நிற்கிறது. மூன்றில் பொறியியலுக்கு எளியது அந்தப் பாலம்தான். இரண்டு அரசுகளும் ஒரு கடலும் மீனவர் பிரச்சினையும் அதில் சிக்கிக்கொண்டிருப்பது பாட்டில் இல்லை. பெரியார் 1940களில் “இனிவரும் உலகம்” பற்றிப் பேசியபோது, கம்பியில்லாக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், ஆளையாள் முகம் பார்த்துப் பேசுவார்கள், சேர்க்கையில்லாமலே குழந்தை உண்டாக்க முடியும் என்றார். அவருக்குக் கருவியின் உட்பாகம் பற்றிக் கணக்கு இல்லை; ஆனால் கருவி யார் கையில் இருக்கும் என்பதை முதலில் கேட்டார். எல்லோர் சட்டைப்பையிலும் என்பதே அவருடைய கூற்றின் சாரம். கிளார்க்கிடம் விதி இருந்தது, பெரியாரிடம் அந்தக் கேள்வி இருந்தது. மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

எதிர்காலம் பற்றிய கணிப்பு எழுத்தில் மட்டும் வருவதில்லை என்பதற்குத் திருகோணமலைச் சீனக்குடாவே சாட்சி. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியக் கடற்படை கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் உள்ளன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும். கிழக்கை ஆளப்போவது எண்ணெயில் ஓடும் பெரும் போர்க்கப்பல் அணி என்ற கணிப்பு, உருக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பொய்யாக்கியது விமானம்: 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கி, ஹேர்மிஸ் விமானந்தாங்கியை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. எழுத்திலும் கடற்போர்க் கணிப்பு இப்படித் தவறியதுண்டு: விஞ்ஞானக் கதை எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் போன்றவரே 1901இல் நீர்மூழ்கியால் தன் மாலுமிகளை மூச்சுத்திணற வைத்துக் கடலில் மூழ்குவதைத் தவிர வேறொன்றும் ஆகும் என்று தோன்றவில்லை என்று எழுதினார். அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படையின் முதல் நீர்மூழ்கி நீரில் இறங்கியது.

ஆகவே தங்களிடமும் வலயக் கல்வி அதிகாரிகளிடமும் கேட்பது இது. பழைய கணிப்பொன்றை அச்சிடும்போது சொன்ன ஆண்டு, சொன்ன இடம், குறித்த தவணை மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். இவை கிடைக்காத “அன்றே சொன்னார்” வகையறாக்களை விட்டுவிடுங்கள், அவற்றில் பெரும்பாலானவை பிறகு கட்டிவிடப்பட்டவை. கட்டுரைப் போட்டி வைக்கும் பாடசாலைகள், “பறக்கும் கார் வரும்” என்ற கட்டுரைக்குப் புள்ளி போடும் முன், அதை எந்த விதி அனுமதிக்கிறது, ஒரு ஆளைத் தூக்க எத்தனை கிலோவாற் வேண்டும், அதை எந்தக் கலம் எவ்வளவு நேரம் தரும் என்று ஒரு பக்கக் கணக்குக் கேட்கட்டும். அன்றைய உதிரிப்பாகங்களில் எது மாறினால் தன் கணிப்பு கவிழும் என்பதையும் மாணவரே எழுத வேண்டும். கடைசியாக, அந்த எதிர்காலத்தில் மூதூர் மீனவரும் கந்தளாய் விவசாயியும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு பந்தி. பத்தாம் தரத்துக்கு இது கூடுதல் என்று சொல்வார்கள். மேலே போட்ட செய்மதிக் கணக்கில் கனமூலம் ஒன்றைத் தவிர பத்தாம் தரத்தைத் தாண்டிய கணிதம் எதுவும் இல்லை.

பரிசு பெற்ற கட்டுரைகளை நகரின் பொது நூலகத்தில் ஒரு கோவையாக வைக்கலாம். முன்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அதன் தவணை ஆண்டு. அந்த ஆண்டு வந்ததும் அப்போதைய உயர்தர மாணவர்கள் கணக்கை எடுத்துச் சரிபார்த்து, விதி, உதிரிப்பாகம், காலம், ஆட்கள் என்ற நான்கில் எங்கே பிசகியது என்று கீழே எழுதி, திகதியிட்டு ஒப்பமிட வேண்டும். முதற் கோவைக்கு 2036க்கு முந்திய தவணைகளை மட்டும் ஏற்பது நல்லது. எழுதியவரே அதைத் திறந்து பார்க்கும் வயதில் இருப்பார்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.